தலைமடையின் கடன்

ஆறுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசர்களின் பெயர்களையும் அணைகளின் ஆண்டுகளையுமே எழுதுகின்றனர். அணை கட்டியவன் பெயர் கல்லில் நிலைத்துவிடுகிறது. ஆனால் கட்டிய அணையிலிருந்து புறப்பட்ட நீர், கடைசி வயலின் கடைசி வரப்பை ஆண்டுதோறும் சென்றடையச் செய்தவர்களைப் பற்றிய வரலாறு எழுதப்படாமலே போயிற்று. அணை ஒருமுறை கட்டப்படுவது. வாய்க்காலோ ஆண்டுதோறும் வெட்டப்பட வேண்டியது. முன்னதற்கு ஓர் அரசன் போதும். பின்னதற்கு ஊர்கள் ஒன்றுகூட வேண்டும்.

இவ்வுண்மையை எண்ணிப் பார்ப்பதற்குத் திருக்காட்டுப்பள்ளியைவிடப் பொருத்தமான இடம் காவிரி நாட்டில் அரிது. பூண்டி மாதாவை நாடிச் செல்லும் திருப்பயணிகளுக்கு அது வழியில் வரும் ஒரு சிற்றூர். காவிரிக்கோ அது ஒரு முக்கியமான திருப்பம். கல்லணையைக் கடந்து சில கல் தொலைவு கிழக்கே வந்த காவிரி, இவ்விடத்தில் குடமுருட்டி என்னும் கிளையைப் பிரித்து அனுப்புகிறது. ஒரு புறம் காவிரி, மறு புறம் குடமுருட்டி, இரண்டுக்கும் இடையே வயல்கள். தஞ்சைத் தரணியில் நீரை முதலில் காணும் ஊர்களுள் இதுவும் ஒன்று. உழவர் மொழியில் சொன்னால் இது தலைமடை.

தலைமடையில் இருப்பது ஒரு பேறு. அது ஒரு கடனும் ஆகும். அந்தக் கடனை நம் முன்னோர் எவ்வாறு தீர்த்தனர், அது எவ்வாறு மறக்கப்பட்டது, இன்று அதை எவ்வாறு மீட்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பகிர்ந்தளிக்க எழுந்த அணை

கல்லணை நீரைத் தேக்கிவைக்க எழுந்த அணையன்று. நீரைப் பங்கிட எழுந்த அணை. கரிகால் சோழன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இவ்வணையின் பழைய கற்கட்டு ஏறத்தாழ 1,080 அடி நீளமுடையது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கொள்ளிடம் தாழ்ந்த, சரிவு மிகுந்த ஆறு. தெற்கே செல்லும் காவிரியோ சரிவு குறைந்தது. மணல் படிந்து மேடாகும் இயல்புடையது. எனவே நீர் எளிதாகக் கொள்ளிடத்துக்குச் சரிந்து கடலுக்கு ஓடிவிடும். திருவரங்கத் தீவின் கீழ்முனையில் அவ்வாறு சரியும் நீரைத் தடுத்துத் தஞ்சை வயல்களை நோக்கித் திருப்பியதே கல்லணையின் தொண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணலால் மேடிட்டு, பாசனம் குன்றிய நிலையில், ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் இப்பகுதிக்கு வந்தார். 1830-இல் கல்லணையில் மணற்போக்கிகள் அமைக்கப்பட்டன. 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. ஆழம் காண முடியாத ஆற்று மணலின்மேல் அடித்தளம் இடும் கலையைக் கல்லணையைக் கட்டிய பழந்தமிழரிடமிருந்தே தாம் கற்றதாகக் காட்டன் ஒப்புக்கொண்டார். அக்கல்வியின் பயன் பின்னர் ஆந்திரத்தின் கோதாவரி வரை சென்றது.

ஆயினும், அணைகள் எவ்வளவு சிறந்தவையாயினும் அவை நீரை ஆற்றின் வாயில் வரைதான் கொண்டுவந்து சேர்க்கும். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து கன்னி வாய்க்கால், அதிலிருந்து வயல் என்று அந்நீர் நெடுந்தூரம் நடக்க வேண்டும். அந்த நடையில் ஒவ்வோர் அடியிலும் வண்டல் படியும், கோரை முளைக்கும், கரை சரியும். அங்கேதான் குடிகளின் பணி தொடங்கியது.

குடிமராமத்து என்னும் மரபு

அப்பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். ‘மராமத்து’ என்பது பழுது பார்த்தல் எனப் பொருள்படும் அரபுச் சொல். பாரசீகத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தது. பெயர் பிற்காலத்தது, வழக்கமோ மிகப் பழமையானது. சோழர் கல்வெட்டுகளில் காணப்படும் வெட்டி, அமஞ்சி முதலிய சொற்கள் ஊருக்காகவும் அரசுக்காகவும் குடிகள் செய்த ஊதியமற்ற உழைப்பைக் குறிப்பவை.

மரபு எளிமையானது. கோடையில் ஆறு வறண்டிருக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் வாய்க்காலின் அடி தெரியும். ஆடியில் புதுப்புனல் வருமுன், அவ்வாய்க்காலில் நீர் பெறும் ஊர்கள் யாவும் ஆள் அனுப்பித் தூர் வார வேண்டும்; எடுத்த மண்ணைக் கரையில் இட்டு உயர்த்த வேண்டும். எவருக்கு எவ்வளவு நிலமோ அவ்வளவுக்கு ஏற்ற ஆள். பேராறுகளையும் பெரிய வாய்க்கால்களையும் அரசு பார்த்துக்கொண்டது. சிறு வாய்க்கால்கள் குடிகளின் பொறுப்பாயின.

இதில் ஓர் ஆழ்ந்த நீதி அடங்கியிருந்தது. வாய்க்காலின் தலைப்பைத் தூர் வாருவதில் கடைமடை ஊர்களுக்கே அக்கறை மிகுதி. தலைமடை ஊர்களுக்கோ தூர் வாராமலே ஓரளவு நீர் வந்துவிடும். தன் வயலுக்குப் போதுமான நீர் கிடைத்த பின்னும் தனக்குக் கீழே இருப்பவனுக்காக மண் சுமக்க வேண்டும் என்பதே குடிமராமத்தின் உயிர்நாடி. ஊர் கூடித் தேர் இழுப்பது ஓரிரு நாள் திருவிழா. ஊர்கள் கூடி ஆறு காப்பதோ ஆண்டுதோறும் வியர்வை சிந்தும் ஒப்பந்தம். அதற்குப் பத்திரம் இல்லை, பழக்கமே பத்திரம்.

மண் சுமந்தவர் யார்?

பழமையைப் போற்றும்போது நாம் ஒரு கேள்வியைக் கேட்காமல் கடந்துவிடலாகாது. குடிமராமத்தில் ‘குடி’ என்று கருதப்பட்டவர் யார்? மண்வெட்டியைப் பிடித்தவர் யார்?

முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்றொரு குழு அங்கே இருந்தது என்பதையும், உறுப்பினர் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதையும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பெருமைக்குரியதே. ஆனால் அவ்வோலையில் பெயர் எழுதப்படுவதற்குக் கால் வேலிக்குக் குறையாத, வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும் என்பது விதி. கல்வியில் சிறந்தோருக்கு நில அளவில் சலுகை உண்டு. உழைப்பில் சிறந்தோருக்குச் சலுகை இல்லை. நிலமற்றவன் ஏரியை வெட்டலாம். ஏரியைப் பற்றிப் பேசலாகாது.

தஞ்சை நாட்டிலும் நிலைமை இதுவே. நில உடைமையாளரான மிராசுதாரர் ‘ஆள் அனுப்பினார்’. அனுப்பப்பட்ட ஆள் பண்ணையாள். தலைமுறை தலைமுறையாகத் தீண்டாமையின் சுமையையும் வண்டலின் சுமையையும் ஒரே தலையில் தாங்கியவர் அவரே. குடிமராமத்தின் பெயர் குடிகளுக்கு. அதன் மண் கூலியாளருக்கு.

ஆங்கில அரசு இயற்றிய சட்டமும் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் என வழங்குவது. ஆற்றங்கரை உடையும் ஆபத்து நேருங்கால், உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களை வேலைக்கு வருமாறு கட்டாயப்படுத்த அது இடமளித்தது. வழக்கப்படி ஊரார் கூடிச் செய்ய வேண்டிய பாசனப் பணியைச் செய்யத் தவறியவர், அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. ஆக, ஆபத்தில் உடலால் வர வேண்டியவர் ஒரு வகுப்பினர். தவறினால் பணத்தால் ஈடு செய்யக் கூடியவர் வேறொரு வகுப்பினர். நடைமுறையில் இச்சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. பழக்கத்தால் நடந்ததைத் தண்டத்தால் நடத்திவிட முடியவில்லை.

குடிமராமத்து மறைந்ததைப் பற்றி வருந்துவோர் பலர். அது தன்னுள்ளே ஓர் அநீதியைச் சுமந்திருந்தது என்பதையும் நேர்மையோடு கூற வேண்டும். விரும்பிச் செய்த தோழமையும், வேறு வழியின்றிச் செய்த ஊழியமும் ஒரே வாய்க்காலில் கலந்து ஓடின. எனவே பழைய மரபை அப்படியே மீட்டுத் தருக என்று நாம் கேட்க இயலாது. அதன் தோழமையை மீட்க வேண்டும். ஊழியத்தை நீக்க வேண்டும்.

கோடையை இழந்த வாய்க்கால்

மரபு தளர்ந்ததற்குக் காரணங்கள் பல. நிருவாகம் ஊரிடமிருந்து அரசுத் துறைக்கு நகர்ந்தது. நிலங்கள் கைமாறின, மிராசுதாரர் பலர் நகரங்களில் குடியேறினர். 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. அதே திட்டத்தில் கல்லணைக் கால்வாயும் உருவாகிப் பட்டுக்கோட்டைப் பகுதிக்குப் பாசனம் தந்தது. 120 அடி முழு நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் உடைய அவ்வணை, ஜூன் 12-ஆம் நாள் திறந்து ஜனவரி 28-ஆம் நாள் மூடப்படும் என்ற ஒழுங்கைத் தந்தது. ஆடிப்பெருக்கை நோக்கி வானத்தைப் பார்த்தவர்கள் நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கினர். நீரைக் கொண்டுவருவது அரசின் வேலை என்ற எண்ணம் வேரூன்றியது.

1952-இல் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கேட்பாரின்றி ஆளை அனுப்பும் அதிகாரம் தளர்ந்தது. இது நீதியின் வெற்றி. ஆனால் கட்டாயத்தின் இடத்தில் உடன்பாட்டை வைக்க ஊர்கள் முனையவில்லை. பண்ணையாள் வர மறுத்தார்; நிலமுடையோர் தாமே இறங்க மறுத்தனர்; வாய்க்கால் நடுவில் அனாதையாக நின்றது. கோரையும் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. வடிகால்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பாசன வாய்க்காலையேனும் தேவை கருதி நினைப்பார் உண்டு. வடிகாலை ஐப்பசி வெள்ளம் வயலில் நின்ற பின்னரே நினைப்பர்.

இதன் விளைவை 2018-ஆம் ஆண்டு நமக்குக் கண்கூடாகக் காட்டியது. அவ்வாண்டு மேட்டூர் நிரம்பியது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் புரண்டது. ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, 1836-இல் எழுந்த முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. பெருவெள்ளம் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குச் சென்றுகொண்டிருந்த அதே நாட்களில், நாகை மாவட்டக் கடைமடை உழவர்கள் தங்கள் வாய்க்கால்களுக்கு நீர் வந்து சேரவில்லை என்று முறையிட்டனர். ஆற்றில் வெள்ளம், வயலில் வறட்சி. இடையில் குறைந்தது நீரன்று. தூர் வாரும் கைகளே.

சங்கங்களும் அவற்றின் குறையும்

இழந்ததை மீட்க அரசும் முயன்றது. பாசன அமைப்புகளின் நிருவாகத்தில் உழவருக்குப் பங்களிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டின் பெயரால் இயற்றப்பட்டது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அதன்வழித் தோன்றின. 2017-இல் ‘குடிமராமத்து’ என்ற பழைய பெயராலேயே ஒரு திட்டம் தொடங்கியது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. செலவில் பத்தில் ஒரு பங்கை உழவர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது விதி.

அவ்விதியின் நோக்கம் உயர்ந்தது. தான் ஒரு கூடை மண் சுமந்த வாய்க்காலை எவரும் எளிதில் குப்பைக் குழியாக்கமாட்டார். ஆனால் பல இடங்களில், சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலை செய்தார் என்றும், உழவரின் பங்கு கணக்கேட்டில் மட்டும் நின்றது என்றும் குறை எழுந்தது. இயந்திரம் ஒரே நாளில் வெட்டிவிடுகிறது. உறவை வளர்க்க இயந்திரத்தால் ஆவதில்லை. மேலும், சங்கத்தின் உறுப்பினர் நில உடைமையின் அடிப்படையிலேயே எண்ணப்படுகின்றனர். நாற்று நடும் பெண்களும், நூறு நாள் வேலையில் மண் வெட்டிய கூலியாளரும் அதில் எங்கே அமர்வார்கள்? உத்திரமேரூரின் கால் வேலி விதி ஆயிரம் ஆண்டு கடந்தும் வேறு உருவில் நிற்கிறது அல்லவா?

ஆலய வாசலில் ஒரு நீர்மன்றம்

இதே சிக்கலை எதிர்கொண்ட வேறொரு நாட்டை இங்கு நினைவுகூர்வது பயன் தரும். ஸ்பெயின் நாட்டின் வலேன்சியா நகரில், பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலில், வியாழக்கிழமைதோறும் நண்பகலில் ஒரு நீதிமன்றம் கூடுகிறது. நீதிபதிகள் சட்டம் படித்தவர்கள் அல்லர், உழவர்கள். தூரியா ஆற்றிலிருந்து நீர் பெறும் கால்வாய்ச் சமூகங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதிகள். நீரைத் திருடியவர், மடையை நேரம் கடந்து திறந்தவர், வாய்க்காலைத் தூர் வாராது விட்டவர் ஆகியோர்மீது முறையீடு வருகிறது. விசாரணை வாய்மொழியாக, பொதுமக்கள் முன்னிலையில் நடைபெறுகிறது. அங்கேயே தீர்ப்பும் வழங்கப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் எக்கால்வாயைச் சேர்ந்தவரோ, அக்கால்வாயின் பிரதிநிதி தீர்ப்பில் பங்குகொள்வதில்லை.

இம்மரபு இசுலாமியர் ஆட்சிக் காலத்தில் வேர்கொண்டது. 1238-இல் வலேன்சியாவைக் கைப்பற்றிய கிறிஸ்தவ மன்னர் முதலாம் ஹைமே, முன்னவரின் நீர் வழக்கங்களை அழிக்காமல் காத்தார். சமயம் மாறிற்று, அரசு மாறிற்று. வாய்க்காலின் ஒழுங்கு மாறவில்லை. 2009-இல் யுனெஸ்கோ நிறுவனம் இம்மன்றத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அதே ஆண்டில், பொதுவளங்களை மக்களே கூடிக் காக்க இயலும் என்பதை ஆய்ந்து காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அவர் 1990-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தவற்றுள் வலேன்சியாவின் கால்வாய்களும் அடங்கும். ஒரு பொதுவளம் நிலைக்க, விதியால் கட்டுப்படுவோர் விதியை ஆக்குவதிலும் பங்கு பெற வேண்டும் என்பது அவருடைய முடிவுகளுள் ஒன்று. நம் குடிமராமத்தில் இல்லாதிருந்தது அதுவே.

நாமும் ஒருவருக்குக் கடைமடை

இதுவரை தலைமடை ஊர் என்ற நிலையிலிருந்து பேசினோம். ஆனால் காவிரியின் முழு நீளத்தைக் காணும்போது நம் நிலை தலைகீழாகிறது. குடகு மலையில் தோன்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடும் இவ்வாற்றின் நீர்ப்பிடிப்பு 81,155 சதுர கிலோமீட்டர். அந்த விரிந்த பரப்பில், தஞ்சைத் தரணி முழுவதுமே கடைமடை. குடகின் காடு அழிந்தால் நம் ஆடி வறளும். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்தபோது, அதன் கீழ்ப்புறத்து உழவர் தம் நிலத்தைக் காக்க ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. கழிவை முற்றிலும் நிறுத்தாத ஆலைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிடும் வரை அவர்கள் போராடினர். மேலே இருப்பவரின் செயல் கீழே இருப்பவரின் விதியாகிறது.

கருநாடகத்தோடு நமக்குள்ள வழக்கு நெடியது. 1892, 1924 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள், 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், 2007-இன் இறுதித் தீர்ப்பு, தமிழகத்துக்கு 404.25 டி.எம்.சி. என வரையறுத்த 2018-இன் உச்சநீதிமன்றத் தீர்ப்பு என அது நீண்டது. உரிமைக்கான இவ்வழக்கு தேவையானதே. ஆயினும் அதனோடு நடந்த மற்றொரு முயற்சியை நம்மில் பலர் அறியார். மழை பொய்த்து இரு மாநிலங்களும் கொதித்த 2002-ஐ அடுத்து, 2003-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ச. ஜனகராஜன் முன்முயற்சியில் ‘காவிரிக் குடும்பம்’ என்னும் அமைப்பு தோன்றியது. இரு மாநில உழவர்கள் ஒரே மேசையில் அமர்ந்தனர். மண்டியாவின் உழவர் தஞ்சையின் வயலைக் கண்டனர். தஞ்சையின் உழவர் மண்டியாவின் வயலைக் கண்டனர். பற்றாக்குறை ஆண்டில் துன்பத்தை எவ்வாறு பகிர்வது என்று பேசினர். அவர்களுடைய பேச்சு அரசுகளின் உடன்படிக்கையாக மலரவில்லை. எனினும், எதிர்க்கரையில் இருப்பவனும் கடன்பட்ட உழவனே என்பதைக் கண்ணால் கண்டது சிறிய பேறு அன்று.

அக்காட்சியில் நமக்கொரு படிப்பினை உண்டு. மண்டியாவிடம் நாம் கேட்கும் நியாயம், வேதாரணியமும் தலைஞாயிறும் நம்மிடம் கேட்கும் நியாயமே. “எங்களுக்குக் கீழே இருப்பவர்களை நினையுங்கள்” என்று மேலே நோக்கிக் கேட்கும் நாம், நமக்குக் கீழே இருப்பவர்களை நினைத்திருக்கிறோமா? மடையை அடைக்காமல், வாய்க்காலை ஆக்கிரமிக்காமல், ஆற்று மணலை அளவின்றி அள்ளுவதைக் கண்டும் காணாதிருக்காமல் வாழ்ந்தாலன்றி, நம் உரிமைக் குரலுக்கு முழு வலு சேராது.

இனி அமையும் சங்கங்கள் மூன்று நெறிகளைப் பேணுமாயின் பழைய மரபு புதிய நீதியோடு உயிர்பெறும். ஒன்று, ஒரு வாய்க்காலின் தலைமடை ஊரும் கடைமடை ஊரும் ஒரே அவையில் அமர வேண்டும். கடைமடையின் சொல்லுக்கு முதலிடம் வேண்டும். இரண்டு, மண்வெட்டி பிடிப்பவருக்கு நிலம் இல்லாவிடினும் வாக்கு இருக்க வேண்டும். உழைப்புக்கு உரிய கூலியும் இருக்க வேண்டும். மூன்று, பாசனத்தோடு வடிகாலும் ஒரே கணக்கில் எண்ணப்பட வேண்டும். நம் வயலின் மிகுநீர் அடுத்தவரின் துன்பமாக முடியலாகாது.

கல்லணை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக ஒரே பாடத்தைச் சொல்லி நிற்கிறது: நீரைத் தேக்கிவைப்பதனால் அன்று, பகிர்ந்து அனுப்புவதனாலேயே ஒரு நாடு செழிக்கும். அவ்வணைக்கு மிக அருகில் வாழும் ஊர்களுக்கு அப்பாடம் முதலில் விளங்க வேண்டும். ஆண்டுதோறும் கோடையில் ஆறு வறண்டு, வாய்க்காலின் அடி தெரியும் நாட்களில், மண்வெட்டி நமக்காகவும் காத்திருக்கிறது. நம் எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு முழமேனும் அதை நாம் கொண்டுசெல்வோமாக.